ஒரு ஷில்லிங் படிக்கட்டு

ஜனங்களுக்குப் பிடித்ததைக் கொடுப்பதா, அவர்களுக்குப் பிடிக்க வேண்டியதைக் கொடுப்பதா? கலையைத் தொழிலாகக் கொண்ட எவனும் இந்தக் கேள்வியிலிருந்து தப்பியதில்லை. பாடுகிறவன், ஆடுகிறவன், நாடகம் போடுகிறவன், என்னைப் போல வாராவாரம் தொடர்கதை எழுதுகிறவன் எல்லாருடைய வாசற்படியிலும் அது கடன்காரனைப் போல வந்து உட்கார்ந்து கொள்கிறது.

இதற்கு இரண்டு சுலபமான பதில்கள் உண்டு. "கேட்பதைக் கொடு. பருப்பு வாங்க வந்தவனுக்குப் பத்தியத்தைப் பற்றி உபதேசம் செய்யாதே" என்பது வியாபாரியின் பதில். "வருகிறவன் வரட்டும், வராதவனைப் பற்றி எனக்கென்ன?" என்பது வித்துவானின் பதில். இரண்டு பேரிடமும் ஒருவகை நேர்மை இருக்கிறது. வியாபாரி தன்னை வியாபாரி என்று மறைக்கவில்லை. வித்துவானும் தன் கர்வத்தை மறைக்கவில்லை.

மூன்றாவதாக ஒருவன் வருகிறான். "முதலில் அவர்களுக்குப் பிடித்ததைக் கொடுத்து உள்ளே அழைத்துக் கொள்கிறேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நல்லதைக் கொடுத்துப் பழக்குகிறேன்" என்கிறான். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யோசித்துப் பார்த்தால், மூவரிலும் சந்தேகத்துக்கு இடமானவன் இவன்தான். எலிப்பொறியில் தேங்காய்ச் சில்லு வைப்பவனும் முதலில் பிடித்ததைத்தானே வைக்கிறான்? நம்மை நம்பி ஒரு வேடிக்கைக்காக வந்தவனை, அவனிடம் சொல்லாமலே வேறு ஏதோ ஓரிடத்துக்கு அழைத்துப் போக நமக்கு என்ன உரிமை? அவனுடைய ருசி மட்டம், நம்முடைய ருசி உசத்தி என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தை நமக்கு யார் கொடுத்தார்கள்?

நெடுநாளாக என்னை உறுத்திக் கொண்டிருந்த இந்தக் கேள்விக்கு ஒரு மனிதருடைய வாழ்க்கையில் ஓரளவு வெளிச்சம் கிடைத்தது. அவர் பாடகராகவோ, ஆசிரியராகவோ, ஞானியாகவோ பெயர் எடுத்தவரல்லர். லண்டனில் கச்சேரி ஏற்பாடு செய்தவர். ராபர்ட் நியூமன் என்று பெயர். 1858-ஆம் ஆண்டு பிறந்து 1926-இல் காலமானவர். இந்தப் பெயரை வாசகர்கள் கேள்விப்பட்டிராவிட்டால் அதில் வியப்பில்லை. லண்டன்வாசிகளிலேயே பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அவர் தொடங்கி வைத்த 'புரொமனேட்' கச்சேரிகள் மட்டும் இன்றைக்கும் ஆண்டுதோறும் கோடையில் நடக்கின்றன. 'புராம்ஸ்' என்று சுருக்கமாகச் சொன்னால் உலகத்துச் சங்கீத ரசிகர்கள் புரிந்து கொள்வார்கள்.

நியூமன் முறையாகச் சங்கீதம் பயின்றவர். கனத்த குரல் உள்ளவர். பங்கு வியாபாரத்திலும் சிறிது காலம் இருந்தவர். குரலும் கணக்கும் ஒரே உடம்பில் சேர்ந்தால் அந்த மனிதன் கச்சேரி நிர்வாகத்துக்குத்தான் வந்து சேர வேண்டும் போலிருக்கிறது! 1893-இல் லண்டனில் லாங்ஹம் பிளேஸ் என்ற இடத்தில் குவீன்ஸ் ஹால் திறக்கப்பட்டபோது அவர் அதன் நிர்வாகி ஆனார். ஏறக்குறைய இரண்டாயிரத்து ஐந்நூறு பேர் அமரக்கூடிய மண்டபம். கோடைக்காலத்தில் பெரிய மனிதர்களெல்லாம் ஊரை விட்டுப் போய்விடுவார்கள். மண்டபம் வெறிச்சோடிக் கிடக்கும். அப்போது ஊரில் மிஞ்சியிருப்பவர்கள் யார்? குமாஸ்தாக்கள், கடைச் சிப்பந்திகள், மாணவர்கள், லீவு கிடைக்காதவர்கள். அவர்களைக் கொண்டு மண்டபத்தை நிரப்ப முடியும் என்று நியூமன் நினைத்தார்.

அவர் ஹென்றி வுட் என்ற இளைஞரைத் தேடிப் பிடித்துத் தம் திட்டத்தைச் சொன்னார். இரவுதோறும் கச்சேரி. ஆரம்பத்தில் ஜனரஞ்சகமான உருப்படிகள். பிறகு படிப்படியாகத் தரத்தை உயர்த்திக்கொண்டே போவது. கடைசியில் பழைய மேதைகளையும் புதிய மேதைகளையும் கேட்கும் கூட்டம் ஒன்றை உருவாக்கி விடுவது. இதுதான் சுருக்கம். நான் சொன்ன மூன்றாவது மனிதனின் திட்டம் அப்படியே இருக்கிறது பாருங்கள்!

1895-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் தேதி முதல் கச்சேரி நடந்தது. வுட்டுக்கு அப்போது வயது 26. தரையில் நாற்காலி போடாமல் நின்று கேட்பவர்களுக்கு அனுமதிச் சீட்டு ஒரு ஷில்லிங். பருவம் முழுவதற்கும் சேர்த்து வாங்கினால் ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங். சாப்பிடலாம், குடிக்கலாம், சுருட்டுப் பிடிக்கலாம். பாட்டு நடக்கும்போது மட்டும் தயவு செய்து தீக்குச்சி உரசாதீர்கள் என்று ஒரு வேண்டுகோள், அவ்வளவுதான். நிகழ்ச்சியின் பின்பகுதியில் பிரபலமான இசை நாடகங்களின் மெட்டுக்களைக் கோத்துக் கட்டிய கதம்பம், கார்னெட் ஊதல், எல்லாருக்கும் தெரிந்த பாட்டுகள். இவ்வளவு சர்க்கரையும் தூவிய அந்த முதல் பருவத்திலேயே திங்கட்கிழமை வாக்னருக்கு, வெள்ளிக்கிழமை பீத்தோவனுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். பதினேழு ஆண்டுகள் கழித்து, 1912 செப்டம்பரில், அதே மண்டபத்தில் ஷோன்பெர்க் என்பவரின் ஐந்து வாத்தியக் கோவைகள் உலகத்திலேயே முதல் தடவையாக ஒலித்தன. கேட்டவர்கள் சீறினார்கள், சிரித்தார்கள். ஆனால் கார்னெட் கேட்க வந்த கூட்டத்தின் இடத்தில் நின்று கொண்டுதான் சீறினார்கள். அதைக் கவனிக்க வேண்டும்.

இனி என்னுடைய கேள்விக்கு வருகிறேன். இது தூண்டிலா, படிக்கட்டா?

இரண்டிலும் முதல் அடி இனிப்பாகத்தான் இருக்கும். ஆகவே முதல் அடியைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. நியூமனுக்கு ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு, லண்டனில் லூயி ஜூலியன் என்ற பிரெஞ்சுக்காரர் இதே போன்ற மலிவான கச்சேரிகள் நடத்திப் பெரும் புகழ் பெற்றார். அவரும் பீத்தோவனை வாசிக்கச் செய்தவர்தான். ஆனால் பீத்தோவன் முறை வந்ததும் வெள்ளித் தட்டில் வெள்ளைக் கையுறை கொண்டு வருவார்கள். ரத்தினம் பதித்த கோலை எடுத்துக் கொள்வார். கூட்டம் மெய்ம்மறந்து பார்க்கும். பார்க்கும் என்றுதான் சொன்னேன். கேட்டதா என்பது வேறு விஷயம். ஜூலியனைப் பரிகாசம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. எத்தனையோ ஏழைகளுக்கு அவர் மூலமாகத்தான் பீத்தோவன் பெயரே தெரிந்திருக்கும். அவரும் கடன்பட்டு, சித்தம் கலங்கி, 1860-இல் இறந்து போனார். ஆனாலும் அவருடைய ஏணியில் ஏறினால் ஜூலியனிடம்தான் போய்ச் சேரலாம். கையுறை இல்லாத பீத்தோவனிடம் போய்ச் சேருவது கஷ்டம்.

நியூமனின் ஏற்பாட்டில் இருந்த வித்தியாசத்தை ஒரு சின்ன விவரம் எனக்குக் காட்டிக் கொடுத்தது. முதல் பருவத்துக்கு அவரிடம் போதிய பணம் இல்லை. டாக்டர் ஜார்ஜ் காத்கார்ட் என்ற தொண்டை வைத்தியர் பணம் தர முன்வந்தார். இரண்டு நிபந்தனைகள் போட்டார். எல்லாக் கச்சேரிகளையும் வுட்டே நடத்த வேண்டும் என்பது ஒன்று. மற்றொன்று, வாத்தியங்களின் சுருதியைக் குறைக்க வேண்டும் என்பது. அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் சுருதி, ஐரோப்பாவில் வழங்கியதைவிட ஏறத்தாழ அரைக் கட்டை அதிகம். அதற்கு எட்டிப் பாடிப் பாடிப் பாடகர்கள் தொண்டையைக் கெடுத்துக் கொள்கிறார்கள் என்பது வைத்தியரின் கட்சி. ஊது வாத்தியக்காரர்கள் முரண்டு செய்தார்கள். புது வாத்தியம் வாங்க எங்களால் ஆகாது என்றார்கள். காத்கார்ட் பெல்ஜியத்திலிருந்து தாமே வாத்தியங்களைத் தருவித்து இரவல் கொடுத்தார். ஒரு பருவம் வாசித்துப் பார்த்த பிறகு அவர்களுக்கே அதன் நியாயம் தெரிந்தது. விலைக்கு வாங்கிக் கொண்டார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது எது தெரியுமா? ஒரு ஷில்லிங் கொடுத்து, சுருட்டுப் புகைக்கு நடுவே நின்று கொண்டு, கதம்ப மெட்டுக் கேட்க வந்த குமாஸ்தாவுக்கு இந்தச் சுருதி வித்தியாசம் தெரிந்திருக்கவே முடியாது. தெரியாது என்பதற்காக அவனுக்குத் தப்பான சுருதி போதும் என்று விட்டுவிடவில்லை. உருப்படி எளியதாக இருந்தது. ஆனால் அதை வாசித்தவர்கள் பீத்தோவனை வாசித்த அதே வித்துவான்கள், பிடித்தது அதே சுருதி.

தூண்டிலுக்கும் படிக்கட்டுக்கும் உள்ள முதல் வேற்றுமை இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். தூண்டிலில் வைக்கும் புழுவைத் தூண்டில்காரன் தின்ன மாட்டான். அது மீனுக்காக மட்டும். படிக்கட்டின் முதல் படியோ கட்டியவனும் கால் வைத்து ஏறுகிற படி. 'இவர்களுக்கு இது போதும்' என்று மனத்துக்குள் சொல்லிக் கொண்டு ஒரு வாக்கியம் எழுதினால் அது தூண்டில். எளிய வாக்கியமாக இருந்தாலும், என்னைவிட நன்றாகப் படித்தவன் ஒருவன் இதைப் படிப்பான் என்ற பயத்தோடு எழுதினால் அது படி. தொடர்கதைக்காரர்களின் தொழிலில் இந்த வித்தியாசம் பேனா முனை அளவுதான். ஆனால் அந்த முனையில்தானே எல்லாம் இருக்கிறது?

இரண்டாவது வேற்றுமை ஒன்று உண்டு. படிக்கட்டில் ஏறுகிறவன் எந்தப் படியிலும் நின்று கொள்ளலாம், இறங்கியும் போகலாம். வெள்ளிக்கிழமை பீத்தோவன் என்று பலகையில் எழுதிப் போட்டிருந்தது. பிடிக்காதவன் சனிக்கிழமை வரலாம். 1912-இல் சீறியவர்களின் வாயை யாரும் மூடவில்லை. ருசியை உயர்த்துகிறேன் என்பவன், தன் ஜனங்கள் 'பிடிக்கவில்லை' என்று சொல்லும் உரிமையைப் பறிக்காத வரையில் அவனை மோசக்காரன் என்று சொல்ல முடியாது. அந்த உரிமையைப் பறித்துவிட்டால், அவன் கொடுப்பது அமிர்தமாகவே இருந்தாலும் அது மருந்துப் பாலாடைதான்.

இப்படி நல்ல காரியம் செய்தவர் நன்றாக வாழ்ந்தார் என்று முடித்துவிட்டால் நீதிக்கதை பூர்த்தியாகிவிடும். வாழ்க்கை அவ்வளவு சௌகரியமாக எழுதப்படுவதில்லை. 1902-இல் நியூமன் திவாலானார். இந்தக் கச்சேரிகளால் அல்ல. நாடகத் தயாரிப்புகளில் யோசனையில்லாமல் பணத்தைப் போட்டதால். லட்சியத்துக்காக அழிந்தார் என்று கண்ணீர் விடவும் அவர் நமக்கு இடம் கொடுக்கவில்லை! சர் எட்கர் ஸ்பேயர் என்ற பெயரைப் பின்னாளில் பெற்ற ஒரு பாங்கர் முன்வந்து வாத்தியக் குழுவின் பணப் பொறுப்பை ஏற்றுக் கொண்டார். லண்டனின் சுரங்க ரயில் பாதைகளுக்கு முதல் திரட்டியவர் அவர். தென் துருவத்துக்குப் போன காப்டன் ஸ்காட்டின் கடைசிப் பயணத்துக்கு நிதிப் பொறுப்பாளராக இருந்தவரும் அவர்தான். நியூமன் முதலாளி ஸ்தானத்திலிருந்து இறங்கி, சம்பளத்துக்கு நிர்வாகியாக அதே மண்டபத்தில் வேலை பார்த்தார். தன் வீட்டிலேயே குடித்தனக்காரனாக இருப்பது எல்லாருக்கும் முடிகிற காரியமல்ல. அவருக்கு முடிந்தது. அடுத்த இருபத்து நான்கு ஆண்டுகள், சாகும் வரை, கச்சேரிகளை விடாமல் நடத்தினார்.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது 1914-ஆம் ஆண்டைப் பற்றி.

ஆகஸ்டு 4-ஆம் தேதி பிரிட்டன் ஜெர்மனி மேல் யுத்தப் பிரகடனம் செய்தது. அந்த ஆகஸ்டு மாதத்தின் நடுவிலேயே கச்சேரிப் பருவம் தொடங்க வேண்டும். இருபது வருஷமாக அந்த ஜனங்களுக்கு ஊட்டி வளர்த்த ருசி என்ன? வாக்னர், பீத்தோவன், பிராம்ஸ், ஸ்ட்ராஸ். அத்தனையும் ஜெர்மானிய சங்கீதம்! தெருவில் ஜெர்மன் பெயருள்ள கடைகள் மேல் மக்களுக்குக் கோபம் மூண்டு கொண்டிருக்கிறது. பிடித்ததைக் கொடுத்துப் பழகிய மனிதருக்கு இப்போது ஜனங்களுக்குப் பிடித்தது எது என்பதில் சந்தேகமே இல்லை. அவர்களுக்குப் பிடித்தது வெறுப்பு.

தொடக்கத்தில் நிர்வாகமும் வளைந்தது. ஸ்ட்ராஸின் உருப்படி ஒன்று மாற்றப்பட்டது. முதல் திங்கட்கிழமை வாக்னர் கச்சேரி கைவிடப்பட்டது. நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "பார்த்தீரா, கடைசியில் வியாபாரி வியாபாரிதான்" என்றார். ஆனால் சில நாட்களுக்குள்ளேயே நியூமன் பகிரங்கமாக அறிவித்துவிட்டார்: உயர்ந்த சங்கீதம் உலகத்துக்குப் பொதுச் சொத்து, அந்த நேரத்து ஆத்திரங்களுக்காக அதைத் தள்ளி வைக்கப் போவதில்லை என்பது அதன் சாரம். வாக்னர் மேடைக்குத் திரும்பினார். கூட்டமும் வந்து கேட்டது.

வளைந்து பிறகு நிமிர்ந்தவனை, வளையாமலே நின்றவனுக்குக் கொஞ்சம் கீழே வைப்பதுதான் முறை. அப்படியே வைப்போம். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். வித்துவானின் பதிலைச் சொன்னவனுக்கு அந்த ஆகஸ்டில் எந்தச் சோதனையும் இல்லை. அவன் முன்னால் கூட்டமே கிடையாது. வியாபாரிக்கும் சோதனை இல்லை. ஜனங்கள் பக்கம் சாய்ந்துவிட்டால் தீர்ந்தது. மூன்றாவது மனிதனுக்குத்தான் தர்மசங்கடம். ஜனங்களையும் இழக்கக் கூடாது, அவர்களுக்குச் சரி என்று தலையாட்டவும் கூடாது. அவன் இத்தனை நாள் கட்டியது படிக்கட்டுத்தானா என்பது அன்றுதான் தெரியும். ஜனங்களின் அன்பைச் சம்பாதித்தவன், அதில் கொஞ்சத்தைச் செலவழித்து 'இது சரியில்லை' என்று ஒரு நாள் அவர்களிடமே சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லாமல் பூட்டி வைத்த செல்வாக்கு, கருமியின் பணத்தைப் போல யாருக்கும் பிரயோசனம் இல்லாதது.

இங்கேயும் கதையை முடித்துவிட முடியவில்லை. வாக்னர் திரும்பி வந்தார் என்றேன். ஸ்பேயர் என்ன ஆனார்? அவர் நியூயார்க்கில் ஜெர்மானிய யூதக் குடும்பத்தில் பிறந்து பிரிட்டிஷ் பிரஜையானவர். அந்தக் கச்சேரிகள் பன்னிரண்டு ஆண்டுகள் நொடித்துப் போகாமல் தாங்கியவர். பத்திரிகைகளும் ஜனங்களும் அவரைத் துரோகி என்று தூற்றினார்கள். 1915-இல் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குப் போய்விட்டார். 1921-இல் அவருடைய பிரிட்டிஷ் பிரஜா உரிமையும் பறிக்கப்பட்டது. இறந்துபோன ஜெர்மானியரின் சங்கீதத்தை அந்த நகரத்தால் பொறுத்துக் கொள்ள முடிந்தது; அதைக் கேட்பதற்கு உதவி செய்த, உயிரோடிருந்த மனிதரைப் பொறுத்துக் கொள்ள முடியவில்லை.

இதைப் படித்தபோது என் மனம் சோர்ந்து போனது. நல்ல சங்கீதம், நல்ல கதை, நல்ல சித்திரம் இவற்றால் மனிதன் நல்லவனாகிறான் என்று மேடையில் பேசுகிறோம், நானும் பேசியிருக்கிறேன். திங்கட்கிழமை தோறும் வாக்னர் கேட்ட காதுகளில் சில, மறுநாள் காலைப் பத்திரிகையில் ஸ்பேயரைத் திட்டியதைப் படித்துத் தலையாட்டியிருக்கத்தான் வேண்டும். படிக்கட்டு சங்கீதத்துக்குக் கொண்டு போகும். அதற்கு மேலே உள்ள மாடிக்கு அது போவதில்லை. அங்கே ஒவ்வொருவனும் தனியாகத்தான் ஏற வேண்டும்.

ஆகவே மூன்றாவது மனிதன் தன் தொழிலைப் பற்றி அதிகம் பெருமை பேசக் கூடாது. 'ஜனங்களைத் திருத்தினேன்' என்று சொல்லாமல், 'ஒரு கதவைத் திறந்து வைத்தேன், அனுமதிச் சீட்டை மலிவாக்கினேன், உள்ளே சுருதி சரியாக இருக்கும்படி பார்த்துக் கொண்டேன்' என்று சொன்னால் போதும். அதுவும் சாமானியமல்ல.

நியூமன் காலமான மறு ஆண்டு, அதுவரை செலவைத் தாங்கிய சாப்பெல் கம்பெனியார் விலகிக் கொண்டார்கள், 1927-இல் பி.பி.சி. ஏற்று நடத்தத் தொடங்கியது. 1941 மே மாதம் குண்டு வீச்சில் குவீன்ஸ் ஹால் எரிந்து சாம்பலாயிற்று. கச்சேரிகள் ஆல்பர்ட் ஹாலுக்குக் குடிபெயர்ந்தன. ஹென்றி வுட்டின் மார்பளவுச் சிலையை ஆண்டுதோறும் அந்த மேடையில் கொண்டு வந்து வைக்கிறார்கள். கடைசி இரவன்று மாலை போடுகிறார்கள். ஐம்பது ஆண்டுகள் கோலைப் பிடித்து நின்றவருக்கு அது தகும். நியூமனுக்கு அப்படி ஒரு மாலை இல்லை. கதவைத் திறந்து வைத்தவனை உள்ளே போனவர்கள் திரும்பிப் பார்ப்பது வழக்கமில்லை.

ஆனாலும் அவருக்கு ஒரு ஞாபகார்த்தம் மிஞ்சியிருக்கிறது. 2024-ஆம் ஆண்டிலும் அந்த மண்டபத்தில் நின்று கேட்பதற்கு எட்டுப் பவுன்தான். லண்டன் விலைவாசியில் அது ஒரு வேளைச் சிற்றுண்டிக் காசு. மேடைக்கு மிக அருகில், நாற்காலிக்காரர்களுக்கெல்லாம் முன்னால், கால் கடுக்க நின்று கேட்கிறார்கள். அவர்களில் ஒருவன் யாரோ இழுத்து வந்ததால் வேடிக்கை பார்க்க வந்தவனாக இருக்கலாம். அவனுக்கு ஒன்றும் பிடிக்காமலே வீட்டுக்குப் போகலாம். அல்லது இரண்டாவது உருப்படியில், ஏன் என்று தெரியாமல், பக்கத்திலிருப்பவனுடன் பேசிக் கொண்டிருந்ததை நிறுத்திவிடலாம். எதுவானாலும் அது அவன் இஷ்டம்.